மலாயா வழங்கிய இறக்கைகள்

முதல் உலகப் போர்க்கால ஈரிறக்கை வானூர்திகள் மரச்சட்டத்தின்மேல் துணி போர்த்தியவை. மேலும் கீழுமாய் அமைந்த இறக்கைகளை மரத்தூண்களும் கம்பிகளும் பிணைத்தமையால், எடை மிகாமலே உறுதி கிட்டிற்று. முன்புறச் சுழல்விசிறியைச் சிதைக்காமல் சுடுவதே பெருஞ்சிக்கல். 1915இல் ஜெர்மானியரின் ஒற்றை இறக்கை ஃபோக்கர், விசிறியின் சுழற்சியோடு சுடுதலை இசைவித்து வானில் ஓங்கியது. பிரிட்டனின் ஈரிறக்கை எஃப்.இ.2பி, விசிறியைப் பின்னே வைத்துச் சுடுவோனை முன்னே அமர்த்தி, 1916இல் அவ்வாதிக்கத்தைத் தளர்த்தியது.

இத்தகைய போர் வானூர்திகளுக்காகப் பேராக் தோட்ட முதலாளி ஆல்மா பேக்கர் மலாயாவில் நிதி திரட்டினார். ஈயச் சுரங்க அதிபர் யூ தோங் சென்னும் வானூர்தி வழங்கினார். மலாயாவின் பெயர் தாங்கி அவை பறந்தன. அந்நாட்டுச் செல்வம் விளைந்த ரப்பர்த் தோட்டங்களில் பால்மரம் வெட்டியோருள் பெரும்பாலோர் தமிழர். அவ்விறக்கைகளில் அவர்தம் வியர்வையும் கலந்திருந்தது. உலகப் போரைக் கற்பிக்கும் ஆசிரியர், இதனையும் மாணவர்க்கு உணர்த்துதல் கடன்.