பீலிவளை விடுத்த குழந்தை

புகார்க் கடற்கரைச் சோலையில் தனியே நின்ற நங்கையொருத்தியைச் சோழன் நெடுமுடிக்கிள்ளி கண்டு காதலித்தான். ஒரு திங்கள் உடனுறைந்தபின் அவள் சொல்லாமலே மறைந்தாள். அவள் நாகநாட்டு அரசன் வளைவணன் மகள் பீலிவளை; அவள் இனி வாராள், அவள் பெறும் மகனே வருவான் என ஒரு சாரணன் உரைத்தான்.

மகனும் வந்திலன். சாத்தனாரின் மணிமேகலை கூறுவது இதுவே: மணிபல்லவத்துப் புத்தபீடிகையை வலம்வந்த பீலிவளை, அங்கு வந்துற்ற கம்பளச்செட்டியின் மரக்கலத்தில் குழந்தையை அனுப்பினாள். அன்று நள்ளிரவில் கரைக்கு அணித்தாகக் கலம் உடைந்தது. செட்டி பிழைத்தான், குழந்தையைக் காணோம். மகனைத் தேடித் திரிந்த மன்னன் இந்திரவிழாவை மறந்தான். மணிமேகலா தெய்வம் சபித்தது. புகாரைக் கடல் கொண்டது.

நச்சினார்க்கினியர் பெரும்பாணாற்றுப்படை உரையில் தரும் கதை வேறு. பிலத்தின் வழியே நாகலோகம் புகுந்த சோழனுக்குப் பிறந்த மகன், தொண்டைக்கொடி அடையாளத்துடன் கடலில் விடப்பட்டு, திரை கொணரக் கரைசேர்ந்து தொண்டைமான் இளந்திரையன் ஆகின்றான். அரசமரபொன்றின் தோற்றத்தைச் சொல்லும் கதையில் கடலுக்கும் இரக்கம் பிறந்துவிடுகிறது!

மணிபல்லவம் யாழ்ப்பாணத்தை அடுத்த நயினாதீவே என்பர் ஆராய்ச்சியாளர் பலர், மறுப்பாரும் உளர். புகாருக்குத் தெற்கே 30 யோசனை என்பது காப்பியக் கணக்கு. 1936-இல் வடமராட்சி வல்லிபுரத்தில் கிடைத்த பொன்னேடு, வசப மன்னன் காலத்தில் நாகதீவம் என்ற பெயர் வழங்கியதைக் காட்டுகிறது. நாகநாட்டை வெறுங்கற்பனை எனத் தள்ளுதற்கில்லை.

மன்னன் துயரைக் காப்பியம் விரித்துரைக்கிறது. கலம் உடைந்த செய்தி பீலிவளைக்கு எட்டியதா என்பது அதில் இல்லை.