மண்சாடிக்குச் சூட்டிய நீல மாலை

எகிப்திய மன்னன் அகெனாதென் கி.மு. 1346 வாக்கில் எழுப்பிய அமர்னா நகரில் மக்கள் வாழ்ந்த காலம் ஒரு தலைமுறைக்கு மேல் நீளவில்லை. கைவிடப்பட்ட அந்நகரின் இடிபாடுகளில் நீல வண்ணம் தீட்டிய பானை ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. வெளிர்நிறப் பரப்பில் தாமரை இதழ்கள் வரிசை வரிசையாகச் சாடியின் கழுத்தையும் தோளையும் சுற்றி வருகின்றன; இதழ்களுக்கு நீலம், கோடுகளுக்குச் சிவப்பும் கருப்பும். இந்த ஓவியத்தின் மூலத்தைத் தீப்ஸ் நகரக் கல்லறைச் சுவர்களில் காணலாம். அங்குள்ள ஓவியங்களில் சாடிகளுக்கு மெய்யான பூமாலையே சூட்டியிருக்கிறார்கள். ஒரே நாளில் வாடிவிடும் அந்த மாலையைத்தான் குயவர் மண்ணில் நிலைக்கச் செய்தார். விழாக்கோலத்தை வீட்டுப் பாண்டத்தில் தங்கவைப்பதே இந்த அலங்காரத்தின் நோக்கம் என்பது என் வாதம்.

இது அரண்மனைச் சரக்கு, சாமானியர் வாழ்வோடு இதற்கென்ன தொடர்பு என்று கேட்கலாம். கேள்வியில் நியாயம் உண்டு. நீலத்துக்கு வேண்டிய கோபால்ட், மேற்குப் பாலைவனத்தின் கார்கா, தாக்லா சோலைகளில் கிடைத்த படிகாரத்திலிருந்து வந்தது. ஆற்றங்கரைக் குயவர் கைநீட்டி அள்ளக்கூடிய பொருளல்ல. அகெனாதெனின் தந்தை மூன்றாம் அமென்ஹோதெப் தன் ஆட்சியின் 30, 34, 37ஆம் ஆண்டுகளில் கொண்டாடிய செட் எனும் அரச விழாக்களோடு தொடர்புடைய மல்கத்தா அரண்மனையிலும் இக்கலங்கள் நிறையக் கிடைத்தன. தலைநகரங்களை விட்டு விலக விலக இவை அருகிப்போவதும் உண்மை. ஆனால் கலங்கள் பலவற்றுக்கும் உடல் சாதாரண நைல் வண்டல் மண்தான். அமர்னாவின் குடியிருப்புப் பகுதிகளிலும், நகருக்கு வெளியே இருந்த தொழிலாளர் ஊரிலும்கூட இந்த ஓடுகள் கிடைத்துள்ளன. சாயம் அரசின் கையில் இருந்திருக்கலாம். கலம் அரண்மனை வாசலோடு நின்றுவிடவில்லை.

எகிப்தியப் பானைகளில் பெரும்பாலானவை ஓவியம் இல்லாதவையாயிற்றே என்பது அடுத்த மறுப்பு. என் வாதத்துக்கு இதுவே வலுச் சேர்க்கிறது. ரொட்டி சுடும் அச்சுக்கும் அடுப்பில் ஏற்றும் பானைக்கும் யாரும் மாலை எழுதவில்லை. பிறர் முன்னே வைக்கும் சாடியும் கிண்ணமும்தான் அந்தச் சிறப்பைப் பெற்றன. இனி, படகும் தீக்கோழியும் தீட்டிய, மன்னராட்சிக்கு முந்தைய நகாதா காலக் கலங்களைக் காட்டி, வண்ணப் பாண்டம் இறந்தவருக்கு உரியது என்பார்கள். 1894-95இல் தொல்லியலாளர் பிளிண்டர்ஸ் பெட்ரி நகாதாவில் தோண்டியவை கல்லறைகள் என்பதை மறந்துவிட்டுச் சொல்லும் முடிவு அது. அமர்னா ஓடுகள் உயிருள்ளோர் புழங்கிய வீடுகளில் கிடைத்தவை. அரண்மனையும் தொழிலாளர் ஊரும் ஒரே மாலையைத் தம் கலங்களில் விரும்பின என்றால், விழா நாளுக்குப் பூச்சூட்டும் வழக்கம் இரு தரப்புக்கும் பொதுவாக இருந்தது என்று கொள்வதே பொருந்தும்.