வான்வழி உதவியும் தரைவழி ஒழுங்கும்

தேக்கா சந்தைக்குப் பத்து லாரிகள் ஒருசேர வந்தாலும், சரக்கிறக்கும் இடம் ஒன்றே எனில் ஏனையவை காத்து நிற்கவே வேண்டும். படைத்துறைச் சரக்கு விமானங்களுக்கும் இவ்விதியே பொருந்தும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் எழுந்த ஆழிப்பேரலை இந்தோனேசியாவின் ஆச்சே மாநிலத்தைச் சீரழித்தது. சாலைகளும் பாலங்களும் அழிந்தன. சிங்கப்பூர் ஆயுதப்படை ‘பறக்கும் கழுகு’ எனும் நடவடிக்கையை மேற்கொண்டது. சி-130 விமானங்கள் உணவையும் மருந்தையும் விமான நிலையங்களில் சேர்த்தன. சாலையற்ற ஊர்களுக்குச் சினூக் ஹெலிகாப்டர்கள் அவற்றைச் சுமந்து சென்றன. கனரக இயந்திரங்களைக் கப்பல்கள் மெலாபோ கடற்கரையில் இறக்கின.

பண்டா ஆச்சேயிலோ ஓடுபாதை ஒன்றே; வந்து குவிந்தவை பல நாட்டு விமானங்கள். 2005 ஜனவரி 4ஆம் நாள் சரக்கு விமானம் ஒன்று அப்பாதையில் புகுந்த மாட்டின்மீது மோதிற்று. பல மணி நேரம் பாதை மூடப்பட்டது. ஹெலிகாப்டர்கள் மட்டுமே இயங்கின. பொருள்கள் இருந்தன, விமானங்களும் இருந்தன, பசித்தோரும் காத்திருந்தனர். இறங்குவதற்குத்தான் இடமில்லை!

எந்த விமானம் முந்துவது, எது பொறுத்திருப்பது என வரிசை வகுப்பது எத்துணை இன்றியமையாதது என்பது இதனால் விளங்கும். சிங்கப்பூர் அங்கு அனுப்பிய நடமாடும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக் கோபுரம் அப்பணிக்கே உதவியது. விண்ணில் பறக்கும் வலிமை பெரிதே. ஆயினும் அதனைப் பசித்தோர் கையில் உணவாகச் சேர்ப்பது மண்ணில் அமையும் ஒழுங்கேயாகும்.