தட்டொலி தந்த பாடம்

மும்பையிலிருந்து புணே நோக்கிக் கண்டாலா மலைப்பாதையில் ஏறிய பழைய மோட்டார் காரில் பயணம் செய்தவர்கள் ஓர் ஒலியை மறந்திருக்க மாட்டார்கள். ஏற்றம் கடுமையாகி, ஓட்டுநர் ஆக்ஸிலேட்டரை அழுத்தியதும், வெண்கலச் சொம்பில் கூழாங்கற்களைப் போட்டுக் குலுக்கினாற்போல எஞ்சினுக்குள் ‘கடகட’ என்று ஓசை எழும். காலைச் சற்றுத் தளர்த்தியதும் அடங்கிவிடும். மெக்கானிக்குகள் இதனை ‘நாக்கிங்’ என்பர். நாம் தட்டொலி எனலாம். இச்சிறு ஒலியை அடக்க மேற்கொண்ட முயற்சி உலகத்தின் காற்றையும் குழந்தைகளின் குருதியையும் எவ்வாறு தீண்டியது என்பதே இன்று நாம் காணவிருக்கும் வரலாறு.

எஞ்சினில் எழும் ஒலி யாவும் தட்டொலி அன்று. வண்டி நின்றிருக்கும்போதும் இடைவிடாது கேட்கும் மெல்லிய ‘டிக் டிக்’ ஓசை வால்வின் இடைவெளி மிகுந்ததால் எழலாம். ஆழ்ந்த, கனத்த ஓசை பேரிங் தேய்ந்ததைக் குறிக்கலாம். சுமை ஏறும்போது எழுந்து, சுமை குறைந்ததும் மறைவதே தட்டொலியின் அடையாளம். சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை நெருக்கப்பட்டு, தீப்பொறியால் பற்றிச் சீராக எரிய வேண்டும். அச்சுடர் சென்று சேருமுன்னரே, எஞ்சிய கலவை அழுத்தமும் வெப்பமும் தாளாமல் தானே வெடித்துவிடுமாயின், அவ்வதிர்ச்சி உலோகச் சுவரில் மோதுகிறது. அதுவே நாம் கேட்கும் ஓசை. அது நீடித்தால் பிஸ்டனே பழுதாகும்.

கலவையை மிகுதியாக நெருக்கினால் எஞ்சின் மிகுந்த ஆற்றல் தரும். ஆனால் தட்டொலியும் உடன் பிறக்கும். ஆகவே, ஆற்றலுக்குப் போடப்பட்ட தடையாகவே பொறியாளர்கள் அதனைக் கருதினர். 1912-ஆம் ஆண்டுக் காடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டரை அளித்த அமெரிக்கப் பொறியாளர் சார்ல்ஸ் கெட்டரிங் மீது இது பற்றிப் பழியும் விழுந்தது. பாட்டரியால் பொறி தரும் அவருடைய ஏற்பாடே ஓசைக்குக் காரணம் என்றனர். 1916-இல் அவரிடம் பணிக்குச் சேர்ந்த தாமஸ் மிட்ஜ்லி, குற்றம் பொறியில் இல்லை, எரிபொருளில் இருக்கிறது என்று சோதனையால் காட்டினார்.

அடுத்து நிகழ்ந்தது சுவையானது. எரிபொருளுக்குச் சிவப்பு நிறமேற்றினால் அது வெப்பத்தை விரைவில் ஈர்த்து நன்கு ஆவியாகும் என அவர்கள் எண்ணினர். கைக்கெட்டிய அயோடினைக் கலந்ததும் ஓசை நின்றது. ஆனால் வேறு சிவப்புச் சாயங்கள் எவையும் பயன் தரவில்லை! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையே அது. வேலை செய்தது நிறமன்று, அயோடின் என்னும் பொருளே. ஆயினும் அத்தவறான எண்ணம் சரியான தேடலுக்கு வழிவகுத்தது. அனிலின், செலீனியம், டெல்லூரியம் எனப் பல பொருள்களைச் சோதித்தனர். அவற்றுட் சிலவற்றின் நாற்றம் சகிக்க முடியாததாயிருந்தது. இறுதியில் 1921 டிசம்பர் 9 அன்று டெட்ரா எத்தில் ஈயம் என்னும் திரவத்தைக் கலந்தனர். ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவான அளவே போதுமானதாயிற்று. ஓசை அடியோடு நின்றது.

சாராயம் கலந்த பெட்ரோலும் தட்டொலியைத் தடுக்கும் என்பதை அவர்கள் அறிந்தேயிருந்தனர். எனினும் சிற்றளவில் பெரும்பயன் தந்த ஈயமே வென்றது. 1923 பிப்ரவரியில் ஒஹையோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அதன் விற்பனை தொடங்கியது. வைத்த பெயர் ‘எத்தில்’. ஈயம் என்னும் சொல் அதில் இல்லை.

ஈயம் நஞ்சு என்பது பண்டைக்காலந்தொட்டே அறிந்த செய்தி. 1924 அக்டோபரில் நியூஜெர்சியில் இத்திரவத்தைத் தயாரித்த ஆலையில் தொழிலாளர் ஐவர் மதிமயங்கி மாண்டனர். மிட்ஜ்லியோ செய்தியாளர் முன்னிலையில் அத்திரவத்தில் கைகழுவி, அதன் ஆவியையும் முகர்ந்து காட்டினார். அவரே அதற்கு முந்திய ஆண்டில் ஈய நஞ்சினால் நலிவுற்று ஓய்வு கொண்டவர்! 1925 மே மாதம் வாஷிங்டனில் கூடிய மாநாட்டில், தொழிலாளர் நோய்களை ஆராய்ந்த மருத்துவர் ஆலிஸ் ஹாமில்டன் அம்மையார் கடுமையாக எச்சரித்தார். அவர் சொல் அம்பலம் ஏறவில்லை. நிறுத்தி வைக்கப்பட்டிருந்த விற்பனை மறு ஆண்டு மீண்டும் தொடங்கிற்று.

நாற்பதாண்டுகள் கழிந்தன. பூமியின் வயதைக் கணிக்க முற்பட்ட கிளேர் பாட்டர்சன் என்னும் விஞ்ஞானிக்கு, அவருடைய ஆய்வுக்கூடத்திற்குள்ளேயே எங்கும் ஈயம் படிந்திருந்தது பெருந்தடையாயிற்று. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. மனிதர் உடலிலுள்ள ஈயம் இயற்கையான அளவினும் பன்மடங்கு மிகுதி என்று 1965-இல் அவர் எழுதினார். குழந்தைகளின் மூளை வளர்ச்சியை ஈயம் குன்றச் செய்கிறது என்பதும் பின்னர் உறுதியாயிற்று. 1975 முதல் அமெரிக்கக் கார்களில் புகையைத் தூய்மையாக்கப் பொருத்தப்பட்ட வினையூக்கிக் கருவியையும் ஈயம் கெடுத்தது. இவ்வாறு, எஞ்சினுக்காக வந்த பொருள் வண்டிக்கே பகையாயிற்று.

நம் நாட்டில் தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை ஆகிய நான்கு மாநகரங்களில் 1995-இல் ஈயமற்ற பெட்ரோல் அறிமுகமாயிற்று. 2000-ஆம் ஆண்டில் நாடெங்கும் ஈயப் பெட்ரோல் ஒழிந்தது. பிழைப்பை நாடி இம்மாநகரங்களில் குடியேறி, நெரிசல் மிக்க சாலையோரங்களில் பிள்ளைகளை வளர்த்த நம் குடும்பங்களுக்கு அது சிறிய செய்தியன்று. உலகிலேயே கடைசியாக 2021-இல் அல்ஜீரியா அதன் விற்பனையை நிறுத்தியது.

இன்றைய கார்களில் தட்டொலியை உணரும் கருவி உண்டு. அது தீப்பொறியின் நேரத்தைச் சற்றுப் பிற்படுத்தி ஓசையை அடக்கிவிடும். அன்று ஒதுக்கப்பட்ட சாராயமும் எத்தனால் என்ற பெயரில் நம் பெட்ரோலில் கலந்து வருகிறது. பழைய வண்டி இன்னும் கடகடத்தால், தகுந்த தரமுள்ள பெட்ரோல் ஊற்றி, தீப்பொறியின் நேரத்தைச் சரிபார்த்து, சிலிண்டரில் படிந்த கரியை நீக்கச் செய்தல் வேண்டும்.

கெட்டரிங்கும் மிட்ஜ்லியும் நோயைச் சரியாகவே கண்டனர், மருந்தும் பலித்தது. ஓசை நின்றதா என்று மட்டுமே கேட்டனர். அதை நிறுத்திய பொருள் புகைக்குழாய் வழியே வெளியேறி எங்கே சென்று தங்குகிறது என்ற கேள்வியை ஒதுக்கிவிட்டனர். அக்கேள்விக்கு விடை காண உலகம் ஏறத்தாழ நூறாண்டு செலவிட நேர்ந்தது.