கனோ அணி கண்ட களம்

ஒரு நாட்டின் வரலாற்றை அரண்மனைகளிலும் போர்க்களங்களிலும் தேடுவது நெடுநாளைய வழக்கம். ஆயினும், பிறரால் ஆளப்பட்ட மக்களின் நிலையை அறிய விழைவோர் விளையாட்டுத் திடலையும் நோக்குதல் வேண்டும். 1931ஆம் ஆண்டுக் கோடையில், தைவான் தீவின் வேளாண் பள்ளி மாணவர் சிலர் ஜப்பானுக்குச் சென்று ஆடிய நான்கு பேஸ்பால் ஆட்டங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

தீவும் ஆட்டமும்

1895ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டு வரை, ஐம்பது ஆண்டுகள் தைவான் ஜப்பானின் ஆட்சியில் இருந்தது. ஜப்பானியர், சீன வழிவந்த ஹான் மக்கள், மலைகளிலும் கீழைக் கடற்கரையிலும் வாழ்ந்த தொல்குடியினர் என மூவகையினர் அங்கு வாழ்ந்தனர். தொடக்கக் கல்வியில் இம்மூவருக்கும் தனித்தனிப் பள்ளிகள் இருந்தன. 1922ஆம் ஆண்டின் கல்விச் சட்டம் உயர்நிலைப் பள்ளிகளை அனைவருக்கும் பொதுவாக்கியது எனினும், நடைமுறையில் பெரும்பாலான இடங்கள் ஜப்பானிய மாணவர்க்கே கிட்டின.

ஜப்பானியர் தம்முடன் கொண்டுவந்த பேஸ்பால் ஆட்டம் முதலில் அவர்களுக்குரியதாகவே இருந்தது. காலப்போக்கில் மண்ணின் மக்களும் மட்டையை ஏந்தினர். கீழைக் கரையின் ஹுவாலியென் பகுதியைச் சேர்ந்த அமிஸ் குடி இளைஞரின் அணி ஒன்று 1925ஆம் ஆண்டிலேயே ஜப்பானில் சுற்றுப்பயணம் செய்து ஆடியது.

ஜப்பானியப் பள்ளிகளுக்கான கோடைக்காலப் போட்டி 1915ஆம் ஆண்டு தொடங்கியது. 1924ஆம் ஆண்டு முதல் அது ஒசாகாவுக்கும் கோபேக்கும் இடையிலுள்ள கோஷியென் அரங்கில் நடைபெறலாயிற்று. தைவானுக்கு 1923 முதல் அதில் ஓர் இடம் உண்டு. ஆனால் 1930 வரை அவ்விடத்தைப் பெற்றவை யாவும் தலைநகர் தைப்பேயின் பள்ளிகளே.

சியாயி நகரின் அணி

தீவின் தென்மேற்கிலுள்ள சியாயி நகரில் 1919ஆம் ஆண்டு வேளாண் வனவியல் பள்ளி ஒன்று நிறுவப்பெற்றது. அதன் ஜப்பானியப் பெயரின் சுருக்கமே ‘கனோ’ என்பது. 1928ஆம் ஆண்டு அங்குப் பேஸ்பால் அணி தோன்றியது. ஜப்பானின் மட்சுயாமா வணிகப் பள்ளி அணிக்கு முன்னர்ப் பயிற்சி அளித்த கொண்டோ ஹியோதாரோ என்பார் இவ்வணியின் பயிற்றுநரானார். அவர் கண்டிப்பு மிக்கவர்; இனம் நோக்காது திறன் நோக்கி ஆட்டக்காரரைத் தெரிந்தெடுத்தவர்.

1931ஆம் ஆண்டுக் களமிறங்கிய ஒன்பதின்மருள் மூவர் ஜப்பானியர், இருவர் ஹான் மக்கள், நால்வர் தொல்குடியினர். அந்நால்வருள் மூவர் அமிஸ் குடியினர். ஒருவர் புயூமா குடியினர். எனினும் அவர்கள் நால்வரும் ஜப்பானியப் பெயர்களுடனேயே ஆடினர். ஆட்டக்காரர் பட்டியலை மட்டும் காண்போர்க்கு எழுவர் ஜப்பானியராகவே தோன்றுவர். ஆட்சி ஒரு மனிதனின் பெயர் வரை ஊடுருவுவதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

தைவான் போட்டியின் இறுதியாட்டத்தில் கனோ அணி தைப்பே வணிகப் பள்ளியை எதிர்த்தது. ஆட்டம் கூடுதல் சுற்றுக்கு நீண்டது. முடிவில் 11-10 என ஒரே ஓட்ட வேறுபாட்டில் கனோ வென்றது. தலைநகருக்கு வெளியேயிருந்து தைவானின் சார்பாகக் கோஷியென் செல்லும் முதல் அணி என்னும் பெருமை அதற்குக் கிட்டியது.

கோஷியெனில் நான்கு ஆட்டங்கள்

அங்கு அவ்வணியை அறிந்தவர் சிலரே. முதல் ஆட்டத்தில் கனகாவா தொழில் வணிகப் பள்ளியை 3-0 என வென்றனர். அடுத்துச் சப்போரோ வணிகப் பள்ளியை 19-7 எனவும், அரையிறுதியில் கொக்குரா தொழிற்பள்ளியை 10-2 எனவும் வீழ்த்தினர். நான்கு ஆட்டங்களிலும் மாற்றாள் இன்றிப் பந்தெறிந்தவர் வு மிங்சியே என்னும் ஹான் இளைஞர்.

ஆகஸ்டு 21ஆம் நாள் இறுதியாட்டம் நடைபெற்றது. எதிரணி சுக்கியோ வணிகப் பள்ளி. கனோ ஓர் ஓட்டமும் பெறாது 0-4 எனத் தோற்றது. சுக்கியோ அவ்வாண்டோடு நில்லாது 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடிற்று என்பதை நினைத்தால், தோற்றவர் எத்தகைய அணியிடம் தோற்றனர் என்பது விளங்கும். ஆட்டத்தைக் கண்ட புகழ்பெற்ற எழுத்தாளர் கிக்குச்சி கான், தாம் முற்றிலும் கனோவின் பக்கம் சாய்ந்துவிட்டதாக நாளிதழில் எழுதினார். பல இனத்தவர் ஒரே நோக்குடன் போராடிய காட்சி அவரது நெஞ்சைத் தொட்டது.

எவருடைய வெற்றி?

இவ்வெற்றியை ஆட்சியாளர் தம் கொள்கையின் வெற்றியாகக் காண்பது எளிது. ஆனால், அதற்குப் பத்துத் திங்கள் முன்னர் நிகழ்ந்ததை மறத்தல் ஆகாது. 1930ஆம் ஆண்டு அக்டோபர் 27ஆம் நாள், தைவானின் நடுமலைப் பகுதியான உஷேயில் பள்ளி விளையாட்டு விழா ஒன்று நடைபெற்றது. கட்டாய உழைப்பாலும் காவலரின் இழிவுபடுத்தலாலும் மனம் கொதித்திருந்த சீடிக் குடியினர் அன்று கிளர்ந்தெழுந்து 134 ஜப்பானியரைக் கொன்றனர். ஆட்சியோ படைகளையும் விமானங்களையும் ஏவிக் கிளர்ச்சியை ஒடுக்கியது. ஒரு விளையாட்டுத் திடல் குருதியில் நனைந்தது. பத்தே திங்களில் மற்றொரு திடலில் வேறு தொல்குடி இளைஞர் கைதட்டல் பெற்றனர். இரண்டும் ஒரே ஆட்சியின் காலத்து நிகழ்ச்சிகளே.

ஆகவே, கனோவின் வெற்றி ஆட்சியின் நீதிக்குச் சான்றாகாது. திடலுக்கு வெளியே மறுக்கப்பட்ட சமநிலை, திடலுக்குள் ஒரு பயிற்றுநரின் நேர்மையாலும் மாணவரின் உழைப்பாலும் உண்டாயிற்று. அதுவே அவ்வணியின் சிறப்பு.

பின்னாளில் வு மிங்சியே தோக்கியோவின் வாசெடா பல்கலைக்கழக அணியில் ஆடிப் புகழீட்டினார். புயூமா குடி ஆட்டக்காரர் உவெமாட்சு கோயிச்சி, 1945க்குப் பின் சென் கெங்யுவான் என்னும் சீனப் பெயருடன் தைத்துங்கில் வேளாண் பள்ளித் தலைமையாசிரியராகப் பணியாற்றினார். ஆட்சி மாறிய போது பெயரும் மாறிற்று; கற்றதும் கற்பித்ததும் மாறவில்லை. கனோ பள்ளியின் வழித்தோன்றலாக இன்று சியாயி தேசியப் பல்கலைக்கழகம் திகழ்கிறது. 2014ஆம் ஆண்டு வெளிவந்த ‘கனோ’ திரைப்படம் இவ்வரலாற்றை இளந்தலைமுறையிடம் மீண்டும் கொண்டு சென்றது.

வெற்றிப் பட்டியல்கள் 1931ஆம் ஆண்டுக்குச் சுக்கியோவின் பெயரையே கூறும். தைவான் மக்களோ, தோற்ற அணியையே தலைமுறை தலைமுறையாக நினைவிற்கொண்டுள்ளனர். ஆண்டுகளையும் எண்களையும் மனனம் செய்யும் மாணவர், எவர் எதனை ஏன் நினைவில் வைத்தனர் என்றும் வினவப் பழகுதல் வேண்டும். வரலாற்றுக் கல்வி அவ்வினாவிலேயே தொடங்குகின்றது.