எரிமலையும் அடிமைகளும்

‘பொம்பேயின் கடைசி நாட்கள்’ என்னும் இத்தாலியத் திரைப்படம் 1959 ஆம் ஆண்டு வெளியாயிற்று. மரியோ பொன்னார்ட்டின் பெயரைத் தாங்கிய அப்படத்தை, அவர் நோயுற்றமையால், செர்ஜியோ லியோனேயே பெரும்பாலும் இயக்கி முடித்தார். மூலமாகிய நாவலைப் புல்வர் லிட்டன் 1834 இல் வெளியிட்டார். ஊமைப்படக் காலத்தில், 1908 தொடக்கம், இத்தாலியர் அக்கதையைப் பன்முறை படமாக்கினர். ஒரே கதை இத்தனை முறை சொல்லப்படுவதேன் என்று நாம் கேட்டல் வேண்டும்.

இக்கதையில் எரிமலை நீதிபதியாகின்றது. தீயோன் மாள்கின்றான்; காதலர் கடல்வழியே தப்புகின்றனர். நாவலில் அவர்களை இருளினூடே கரைசேர்ப்பவள் நிடியா என்னும் கண்ணற்ற அடிமைப்பெண். காத்த பின்னர் அவள் கடலில் வீழ்ந்து மடிகின்றாள். பிறருக்காக உழைத்து, வேலை முடிந்ததும் ஓசையின்றி மறைந்துவிடும் அடிமையையே இக்கதை போற்றுகின்றது.

வரலாறு காட்டும் அடிமையோ வேறு. கி.மு. 73 இல் கப்புவா நகரத்து வாட்போர்ப் பயிற்சிக்கூடத்திலிருந்து ஏறக்குறைய 70 அடிமைகள் தப்பினர். ஸ்பார்ட்டகஸின் தலைமையில் அவர்கள் அரண்கொண்டது இதே வெசூவியஸ் மலையிலேதான். காட்டுத் திராட்சைக் கொடிகளால் ஏணி பின்னிச் செங்குத்துப் பாறைவழியே இறங்கி, முற்றுகையிட்ட ரோமப் படையை அவர்கள் முறியடித்ததைப் புளூட்டார்க் எழுதியுள்ளார். கி.மு. 71 இல் கிளர்ச்சி நசுக்கப்பட்டபோது, கப்புவாவிலிருந்து ரோமாபுரிவரை வீதியோரமாக 6,000 பேர் சிலுவையில் அறையப்பட்டனர்.

பொம்பேயின் மண்ணும் சாட்சி பகர்கின்றது. 1748 இல் தொடங்கிய அகழ்வு நெடுங்காலம் சிலைகளையும் ஓவியங்களையுமே பெரிதும் நாடிற்று. நகர்ப்புறத்தேயுள்ள சிவித்தா ஜூலியானாவில் 2021 இல்தான் அடிமைகளின் அறையொன்று வெளிப்பட்டது. பரப்பு 16 சதுர மீற்றர், மூன்று கட்டில்கள், அவற்றுள் ஒன்றன் நீளம் 1.4 மீற்றர் மட்டுமே. சாடிகளும் வண்டியின் உறுப்புகளும் அவர்களோடு அவ்வறையிற் கிடந்தன. 2023 இல் நகரினுள்ளே வெதுப்பகமொன்று அகழப்பட்டது. வெளியுலகுக்கு வாயில் இல்லை. இருந்த சிறு சன்னல்களுக்கும் இரும்புக் கம்பிகள். மாவரைக்கும் கல்லை இழுத்த கழுதைகளும் அடிமைகளும் அங்கே ஒன்றாய் அடைபட்டிருந்தனர் என ஆய்வாளர் கருதுகின்றனர்.

மாடமாளிகைகளைத் தாங்கியது இவ்வுழைப்பேயாம். திரையிலோ நகரின் அழிவே நீதியாகிவிடுகின்றது. அழிவுக்கு முந்திய அநீதி கேள்வியின்றித் தப்பிவிடுகின்றது. கி.பி. 79 இல் வெசூவியஸ் ஒரு நகரின் எசமானரையும் அடிமைகளையும் ஒருங்கே புதைத்தது, அடிமைமுறையைப் புதைக்கவில்லை. சாம்பல் படியாத ஊர்களில் மாவரைக்கும் கல் மேலும் பல நூற்றாண்டுகள் சுழன்றுகொண்டேயிருந்தது.