கார் வீலை 17-லிருந்து 16 இன்ச்சுக்கு குறைக்கலாமா? இதைப் பார்த்துட்டு மாத்துங்க!

மதுரை - தூத்துக்குடி நான்குவழிச் சாலையில் 17 இன்ச் வீல் சொகுசுதான். ஆனா அருப்புக்கோட்டையில் இறங்கி திருச்சுழி பக்கம் கிராமத்துச் சாலைக்குப் போனா, பள்ளத்தில் ரிம் அடி வாங்குது. சின்ன வீல் மாட்டலாமா?

என்ன லாபம்?
ரிம் சிறிதானால் டயரின் பக்கச்சுவர் உயரமாகும். பள்ளத்து அடியை ரப்பர் தாங்கிக்கொள்ளும். பனி நாடுகளில் குளிர்காலத்துக்கு சின்ன வீல் மாட்டுவது வழக்கம். ஆனா அவங்க போடும் விண்டர் டயர் நமக்கு வேண்டாம். 7 டிகிரிக்குக் கீழான குளிருக்கான மென்மையான ரப்பர் அது. நம்ம வெயிலில் சீக்கிரம் தேய்ந்துவிடும்.

எதைப் பார்க்கணும்?

▪ உயரம்: கிரெட்டாவின் 215/60 ஆர்17 டயர் சுமார் 690 மி.மீ. உயரம், 205/65 ஆர்16 சுமார் 673 மி.மீ. அதாவது 17-லிருந்து 16-க்கு மாறினால் கார் 8 மி.மீ. தாழும், ஸ்பீடோமீட்டரும் சுமார் 2.5% கூடுதலாகக் காட்டும். அதைவிடச் சின்ன டயர் வேண்டாம்.

▪ பிரேக்: காலிப்பரில் ரிம் உரசக் கூடாது. மாட்டியதும் கையால் சுற்றிப் பாருங்க.

▪ பொருத்தம்: போல்ட் துளைகளின் எண்ணிக்கை, இடைவெளி, ஆஃப்செட் மூணும் சரியா இருக்கணும்.

▪ பாரம்: டயரின் லோடு இண்டெக்ஸ், கார் நிறுவனம் சொன்னதைவிடக் குறையக் கூடாது.

டிரைவர் கதவோர ஸ்டிக்கரில் உங்க காருக்கான டயர் அளவும் காற்றழுத்தமும் இருக்கும். கடைக்காரர் சொல்வதற்கு முன்னாடி அதைப் படிங்க. ஒண்ணு மட்டும்: கருவேல முள்ளுக்கு எந்த வீலும் ஒண்ணுதான், ஸ்டெப்னியை மறக்காதீங்க!